ரெண்டு ஊழியம்

ஞாயித்துக்கிழமை வேதக்கோயில் மணியடிச்சா, எங்க தாத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிருவாரு. ஆனா சாதிச் சான்றிதழ்ல அவரு இந்து. கேட்டா, “கர்த்தருக்கு எம் பேரு தெரியும்ல. தாசில்தாருக்கு எஞ் சாதி தெரிஞ்சாப் போதும்” என்பார். கடையநல்லூர்ப் பக்கம் இப்படி ரெண்டு கணக்கில் வாழ்ந்தவர் அவர் மட்டுமல்ல.

சீஷனாக இருப்பதற்கு விலை கொடுக்கவேண்டும் என்று பிரசங்கிக்கிறார்கள். அந்த விலையைக் கொடுத்தது யார்? மிஷன் வரலாறுகளில் துரைமார் பெயர்கள் பெரிதாக இருக்கின்றன. அவர்களைக் கூப்பிட்டவன் பெயர் சிறிதாக இருக்கிறது.

தென் திருவிதாங்கூரில் மைலாடி. அந்த ஊர்ச் சாம்பவர் மகாராசன். சிதம்பரத்துக்குப் போனவர் தஞ்சாவூரில் கோலாப் ஐயரைச் சந்தித்து, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக 1799இல் ஊர் திரும்பினார். சொந்தக்காரர்களைச் சேர்த்து ஜெபக்கூட்டம் நடத்தினார். எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தது 1806இல். ஆக, துரை வருவதற்கு ஏழு வருஷம் முன்பே அங்கே சபை இருந்தது. அதை உண்டாக்கியது ஒரு பறையர்.

வேலுத்தம்பி கலகக் காலத்தில் அவர் மலைக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். கலகம் அடங்கியபின் 1809இல்தான் மைலாடியில் கோயில் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே உடம்பு கெட்டுக் கப்பலேறிவிட்டார். அடுத்த மிஷனரி மீடு 1818இல் வரும்வரை சபைகளைத் தாங்கியது வேதமாணிக்கம்தான்.

சரி, கிடைத்தது என்ன? இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். இன்று ஊழியம் என்றால் தேவ ஊழியம். அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் மாடாய் உழைப்பது. ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் முதுகு நிமிரலாம்! இதை ‘அரிசிக் கிறிஸ்தவம்’ என்று கேலி செய்பவன் ஒரு நாளாவது ஓசியில் மண் சுமந்திருக்கிறானா? ஒரு நாள் ஓய்வு என்பது ஆன்மிகம் இல்லையென்றால் வேறெது ஆன்மிகம்? பள்ளிக்கூடமும் எழுத்தும் அதன் பின்னால் வந்தன. அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு மிஷனரிகள் 1847இல் மகாராஜாவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். 1855இல் அதை ஒழித்துப் பிரகடனம் வந்தது.

ஆனால் கோயிலுக்குள் சாதியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே வந்தது. 1850களின் தொடக்கத்தில் மீடு ஒரு பறையர் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டபோது வெள்ளை மிஷனரிகளுக்கே பொறுக்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. சமமென்று பிரசங்கிக்கலாம், சம்பந்தம் பண்ணலாமா? கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரிக்க ஒரே கோயிலுக்குள் சுவரே எழுப்பினார்கள். 1910இல்தான் அது இடிந்தது.

சுதந்திர இந்தியா வேறொரு சுவரைக் கட்டியது. 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007இல் அரசிடம் கொடுக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு 2022இல் இன்னொரு ஆணையம் போட்டது. எங்களுக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981இல் இஸ்லாத்துக்குப் போனவர்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. சேரி நம்பவில்லை. கல்லறைத் தோட்டமும் நம்பவில்லை.

வேதமாணிக்கம் தன் பெயரை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தத் தைரியத்தை எங்க தாத்தாவிடமிருந்து பறித்தது அவர் விசுவாசக் குறைவல்ல, ஒரு சட்டப் பத்தி. பேரப்பிள்ளைகள் படிக்கணுமே என்றுதான் அவர் ரெண்டு கணக்கு வைத்திருந்தார். அதுவும் ஒரு சிலுவைதான். அதை எந்தப் பிரசங்கத்திலும் நான் இதுவரை கேட்டதில்லை.