மார்பகப் புற்றுநோய்: ஒன்றை எடுப்பதா, இரண்டையும் எடுப்பதா?

பயாப்ஸி முடிவு வந்த அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அழுகை சற்று அடங்கியதும் யாராவது ஒருவர் கேட்பார்: "ஒன்றை எடுத்தால் நாளைக்கு இன்னொன்றில் வராதா? ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே!"

அக்கறையில் பிறக்கும் கேள்விதான் இது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு நல்ல நிலையில் உள்ள மறு மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் அது அவசியமான பாதுகாப்பு. பாதிக்கப்பட்ட சகோதரி இதில் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே கண்டறிய வழி இருக்கிறது.

திருமுக்கூடல் கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. நோய் பார்க்கும் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று தனித்தனியாக ஆட்களை நியமித்து, ஒவ்வொருவருக்கும் ஊதியமும் குறித்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே நோயைப் பார்ப்பவரும் கத்தியைப் பிடிப்பவரும் தனித்தனி ஆட்களாக இருந்திருக்கிறார்கள். இன்றைய புற்றுநோய் மருத்துவமும் அப்படித்தான். அறுவை நிபுணர், கீமோ மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர் ஆகியோர் கூடி முடிவெடுப்பதே சரியான முறை. இந்தக் கூட்டு ஆலோசனை நடந்ததா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மார்பகத்தில் உள்ள கட்டி அங்கேயே இருக்கும்வரை உயிரைப் பறிப்பதில்லை. அதிலிருந்து கிளம்பும் செல்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களில் குடியேறும்போதுதான் ஆபத்து. மறு மார்பகத்தை எடுப்பது, முதல் கட்டியிலிருந்து ஏற்கெனவே கிளம்பிய செல்களை ஒன்றும் செய்யாது. அவற்றைத் தடுப்பவை கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்2 வகைக்கான ஊசி போன்ற உடல் முழுவதும் சென்று சேரும் சிகிச்சைகளே.

'அதிகமாக வெட்டினால் அதிகப் பாதுகாப்பு' என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வு அதை உடைத்தது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் பெற்றவர்களும், முழு மார்பகத்தையும் இழந்தவர்களும் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் சம அளவிலேயே உயிருடன் இருந்தனர். இந்த முடிவு 2002இல் வெளியானது. ஆகவே கட்டி சிறியதாக இருந்தால், ஒரு மார்பகத்தையாவது முழுமையாக எடுத்தே ஆக வேண்டுமா என்பதையே முதலில் கேளுங்கள்.

மறுபக்கம் வரும் வாய்ப்பு எவ்வளவு?

2024இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வு, ஒரு பக்கம் மட்டும் நோய் இருந்த 6 லட்சத்து 61 ஆயிரம் அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. இரு மார்பகங்களையும் எடுக்காத பெண்களில், 20 ஆண்டுகளுக்குள் மறுபக்கம் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 7 சதவீதம். அதாவது 100 பேரில் 93 பேருக்கு வரவில்லை. இரண்டையும் எடுத்தவர்களுக்கு மறுபக்க நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் கட்டியை மட்டும் எடுத்தவர், ஒன்றை எடுத்தவர், இரண்டையும் எடுத்தவர் என மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே (8.5 முதல் 9 சதவீதம்) இருந்தது.

ஹார்மோன் வகைக் கட்டி உள்ளவர்கள் டாமோக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் முறையாக எடுத்தால், இந்த 7 சதவீத வாய்ப்பும் கணிசமாகக் குறைகிறது. அதோடு ஆண்டுக்கு ஒருமுறை மறுபக்கத்துக்கு மேமோகிராம் எடுத்தால், நோய் வந்தாலும் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

யாருக்கு இரண்டையும் எடுப்பது பொருந்தும்?

பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே பழுது உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. முதல் நோய்க்குப் பின் 20 ஆண்டுகளில் மறுபக்கம் வரும் வாய்ப்பு முதல் வகையில் சுமார் 40 சதவீதம், இரண்டாம் வகையில் சுமார் 26 சதவீதம். இவர்களில் 390 பெண்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டையும் எடுத்தவர்களில் 88 சதவீதத்தினரும், ஒன்றை மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதத்தினரும் 20 ஆண்டுகளுக்குப் பின் மார்பகப் புற்றுநோய்க்குப் பலியாகாமல் இருந்தனர்.

நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் இரண்டையும் எடுத்துக்கொண்டது இந்த மரபணுப் பழுது காரணமாகத்தான். அவருக்கு அப்போது புற்றுநோய் இல்லை. அவரது முடிவை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்:

1. இளம் வயதில், குறிப்பாக 45 அல்லது 50 வயதுக்குள் நோய் வந்திருந்தால்.
2. 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' வகைக் கட்டி என்றால்.
3. குடும்பத்தில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால்.
4. நெருங்கிய உறவில் பலருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால்.
5. குடும்பத்து ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால்.

இந்தப் பழுது தந்தை வழியாகவும் வரும். அம்மா வழியை மட்டும் விசாரித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அத்தாவின் சகோதரிகள், அவருடைய தாயார் என்று அந்தப் பக்கமும் கேட்டு எழுதுங்கள். நம் வீடுகளில் இந்த நோயை 'வயிற்றுக் கட்டி', 'பெண்கள் சமாச்சாரம்' என்று மறைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. மறைத்த அந்தத் தகவல்தான் இப்போது மகளுக்குத் தேவை. பழுது உறுதியானால் சினைப்பையின் பாதுகாப்பு பற்றியும் பேச வேண்டும். சகோதர சகோதரிகளும் ஆலோசனை பெறுவது நல்லது.

சிறு வயதில் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் ரேடியேஷன் பெற்றவர்களுக்கும் அபாயம் அதிகம்.

இரண்டையும் எடுப்பதன் விலை

அறுவை நேரமும் காயமும் இரட்டிப்பாகும். கிருமித்தொற்று, நீர்க்கோர்ப்பு, இரத்தக் கசிவு ஆகியவற்றின் வாய்ப்பும் கூடும். புண் ஆறத் தாமதமானால் கீமோ தள்ளிப்போகும். உயிரைக் காக்கும் சிகிச்சையே அப்படித் தாமதமாகிவிடக் கூடாது. மார்பின் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. இனிமேல் பிள்ளை பெற இருப்பவருக்குப் பாலூட்டும் வாய்ப்பும் போய்விடும். நோய் ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால், மறுபக்கத்தை எடுப்பதில் பொருளே இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும், "ஒவ்வொரு ஆண்டும் மேமோகிராம் முடிவுக்காகப் பயந்து காத்திருக்க என்னால் முடியாது" என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அதுவும் மதிக்க வேண்டிய காரணமே. ஆயுளைக் கூட்டும் என்ற தவறான நம்பிக்கையில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மஷூராவும் முடிவும்

கணவர், பெற்றோர், பிள்ளைகள் கூடி மஷூரா செய்வது நல்லது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் அந்தப் பெண். அவர் மனதில் உள்ளதை முதலில் சொல்ல விடுங்கள். நல்ல நிலையில் உள்ள உறுப்பை எடுப்பது பற்றி மார்க்க ரீதியான ஐயம் இருந்தால், ஆலிமிடம் போகும் முன் மருத்துவரிடம் அபாய அளவை எழுதி வாங்கிச் செல்லுங்கள். 7 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் அவரும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. பெண் மருத்துவர் வேண்டும் என்றால் முதல் நாளே கேளுங்கள்.

காஞ்சிபுரம் பகுதி மக்களுக்குக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியான பின் யோசிக்க இரண்டு மூன்று வாரம் எடுப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அறுவைக்கு முன் கீமோ தரப்பட்டால், மரபணு முடிவு வருவதற்கு அந்த மாதங்களே போதும். அப்படி இல்லாவிட்டாலும், நோய் உள்ள பக்கத்துக்கு இப்போது சிகிச்சை செய்துகொண்டு, மரபணு முடிவு வந்தபின் மறுபக்கத்தைப் பற்றித் தீர்மானிக்கலாம். இன்று எடுக்காததைப் பிறகும் எடுக்க முடியும். எடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.