கைகளைக் கட்டிப்போட்ட மாநாடு

இன்னைக்கு ஒரு ஓட்டெடுப்பைப் பத்திப் பேசப் போறேன். தேர்தல் இல்லைங்க, ஒரு ஆசிரியர் மாநாட்டில் நடந்த ஓட்டெடுப்பு.

1880 செப்டம்பர். இத்தாலியில் மிலான் நகரம். காது கேளாத பிள்ளைகளின் கல்விக்காகவே கூட்டப்பட்ட மாநாடு. மொத்தம் 164 பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்குக் கையால் பேசும் சைகை மொழியில் பாடம் நடத்துவதா, இல்லை வாயால் பேச வைத்து நடத்துவதா? வாய்ப்பேச்சுக்கு 160 ஓட்டு. எதிர்த்து 4.

சரி, அந்த 164 பேரில் காது கேளாதவர் எத்தனை பேர்? ஒரே ஒருத்தர். ஜேம்ஸ் டெனிசன் என்ற அமெரிக்க ஆசிரியர்.

இந்த ஓட்டு ஏன் முக்கியம்னு புரிய, கொஞ்சம் பின்னால் போகணும். 18ஆம் நூற்றாண்டின் பாரிஸில் லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்து, அதை வைத்தே பாடம் நடத்தினார். அந்தப் பள்ளியிலிருந்து காது கேளாதவர்களே ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரான லோரான் கிளேர் கப்பலேறி அமெரிக்கா போனார். 1817இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் தாமஸ் கல்லடெட்டுடன் சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1870 வாக்கில் அமெரிக்காவின் இத்தகைய பள்ளிகளில் பத்து ஆசிரியர்களுக்கு நான்கு பேர் காது கேளாதவர்கள். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகை முன்னால் நிற்பதைப் பார்த்து ஒரு பிள்ளை வளர்வது எவ்வளவு பெரிய விஷயம், யோசிச்சுப் பாருங்க.

மிலான் மாநாடு இதையெல்லாம் திருப்பிப் போட்டது. மாநாட்டைக் கூட்டியவர்களே வாய்ப்பேச்சு முறையின் ஆதரவாளர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள், பிரெஞ்சுக்காரர்கள். தலைமை தாங்கிய ஜூலியோ தார்ரா என்ற பாதிரியார், பேச்சுதான் ஆன்மாவின் மொழி, சைகை வெறும் கற்பனையைக் கிளறும் என்று வாதாடினார். காது கேளாத இத்தாலியப் பிள்ளைகளை மேடையில் பேச வைத்துக் காட்டினார்கள். அது முன்கூட்டியே ஒத்திகை பார்த்ததோ என்று அமெரிக்கப் பிரதிநிதிகளுக்குச் சந்தேகம்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் இந்தப் பக்கம்தான். அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால் காது கேளாத ஒரு தனி மனித வகையே உருவாகிவிடும் என்று 1883இல் எச்சரித்தார். அதற்கு அவர் சொன்ன வழிகளில் இரண்டு: சைகை மொழியை விடுவது, காது கேளாத ஆசிரியர்களை விலக்குவது.

இப்ப நீங்க ஒரு சின்ன சோதனை செய்யலாம். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'பாலை' என்று சொல்லுங்க. அப்புறம் 'மாலை' என்று சொல்லுங்க. உதட்டில் வித்தியாசம் தெரியுதா? தெரியாது. 'படம்', 'மடம்' இரண்டும் அப்படித்தான். 'க' மாதிரி எழுத்து தொண்டைப் பக்கம் பிறக்கிறது, வெளியே எதுவுமே தெரியாது. ஏற்கெனவே மொழி தெரிந்தவர் மிச்சத்தை ஊகித்துவிடுவார். மொழியே இனிமேல்தான் கற்கப் போகிற பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

ஆனால் மிலானுக்குப் பிறகு பல நாடுகளில் இதுவே பள்ளிக்கூட முறை ஆனது. வகுப்பில் சைகை தடை. கை அசையாமல் இருக்க, கைமேல் உட்காரச் சொன்ன பள்ளிகள் உண்டு. கணக்குக்கும் வரலாற்றுக்கும் போக வேண்டிய மணிநேரங்கள் ஒரு ஒலியைச் சரியாக உச்சரிக்கும் பயிற்சிக்குப் போயின. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்காவில் பத்துக்கு நான்காக இருந்தது, அரை நூற்றாண்டுக்குள் பத்துக்கு இரண்டுகூட இல்லை.

விளைவு என்ன? ஆர். கான்ராட் என்ற உளவியலாளர் 1979இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்து, வேல்ஸில் பள்ளிப் படிப்பை முடிக்கும் காது கேளாத மாணவர்களைச் சோதித்த ஆய்வு அது. 15, 16 வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய வாசிப்புத் திறனின் நடு அளவு, 9 வயதுப் பிள்ளையின் அளவு. பேச்சுக்காகவே பள்ளி வாழ்க்கையைச் செலவிட்டிருந்தும், அவர்களில் பலருடைய பேச்சு அந்நியர்களுக்குப் புரியவில்லை.

இந்த எண்ணைப் பார்த்து, 'காது கேட்கலைன்னா படிப்பு வராது' என்று முடிவுகட்டுவது ரொம்பச் சுலபம். ரொம்ப காலம் அப்படித்தான் கட்டினார்கள். நான் இந்த வரலாற்றை வேறு மாதிரி படிக்கிறேன். காது கேளாமை ஒன்று. மொழி கிடைக்காமை வேறொன்று. முதலாவது உடம்பில் இருப்பது. இரண்டாவதை ஒரு மாநாட்டு அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

இதற்கு ஆதாரம் இருக்கு. மொழியைப் பிடித்துக்கொள்ள மூளைக்கு முதல் சில வருஷங்கள் மிக முக்கியம். காதுவழி வந்தாலும் சரி, கண்வழி வந்தாலும் சரி, முழுமையான ஒரு மொழி வந்தால் போதும். பிறவியிலேயே காது கேளாமல், எந்த மொழியும் கிடைக்காமல் வளர்ந்து, பின்னாளில் முதல்முறையாகச் சைகை மொழி கற்றவர்களை ரேச்சல் மேபெரி என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். சிறுவயதில் பேச்சு கற்று, பிறகு கேட்கும் திறனை இழந்து, அதே வயதில் சைகை மொழிக்கு வந்தவர்கள் இவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். முதல் மொழி என்ற அஸ்திவாரம் இருந்ததுதான் வித்தியாசம்.

அஸ்திவாரம் இல்லாதபோது அடி வாங்குவது படிப்பு மட்டும் இல்லை, உடல்நலமும்தான். வயிற்றில் வலி எங்கே, எப்போதிருந்து, எப்படிப்பட்ட வலி என்று சொல்லவே மொழி வேணும். தாத்தாவுக்குச் சர்க்கரை, சித்திக்கு இரத்தக்கொதிப்பு என்பதெல்லாம் நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. சாப்பிடும்போது பெரியவங்க பேசிக்கொண்டது காதில் விழுந்தது, அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கு வெளியே உட்கார்ந்து வளர்ந்தவருக்கு, மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே புதுசு. தனிமையும் மனச்சோர்வும் கூடவே வரும்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1960இல் வில்லியம் ஸ்டோகி என்ற ஆங்கிலப் பேராசிரியர், அமெரிக்க சைகை மொழிக்கும் மற்ற மொழிகள் போலவே உள்ளமைப்பு உண்டு என்று எழுதினார். கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவை சேர்ந்து சொல் உருவாகிறது என்று காட்டினார். சக ஆசிரியர்களே அவரைக் கிண்டல் செய்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் அதே மாநாட்டு வரிசையின் 21ஆவது கூட்டம் நடந்தது. மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த கேட்டுக்கு வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் ஆச்சு.

நம் நாட்டில் இந்திய சைகை மொழிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் 2015இல் வந்தது. 2021இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. இன்னொரு பக்கம், காக்ளியர் அறுவை சிகிச்சை பல பிள்ளைகளுக்கு ஒலியைக் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டிலேயே செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கருவி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலன் தராது. பொருத்திய பிறகும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். அதுவரை பிள்ளை எந்த மொழியில் யோசிக்கும்?

'சைகை பழகினா பேச்சு வராது' என்று இன்னமும் பெற்றோரிடம் சொல்பவர்கள் இருக்காங்க. அது மிலான் அறையில் ஒலித்த அதே வாதம். உங்க வீட்டிலோ தெருவிலோ காது கேளாத ஒரு குழந்தை இருந்தால், கருவிக்கு ஏற்பாடு செய்யுங்க, பயிற்சிக்கும் கூட்டிப் போங்க. அதுக்காகக் காத்திருக்காமல் இன்னைக்கே பத்துச் சைகை கத்துக்குங்க. இந்திய சைகை மொழி அகராதி வீடியோக்களாகவே இணையத்தில் இருக்கு. 'அம்மா', 'பசி', 'வலி' என்று ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.