சோதனையில் தேறிய விஷம்

வயிறு மந்தமானால் இஞ்சி என்பது நம் வீட்டு வைத்தியம் மட்டுமல்ல. ஜமைக்கா இஞ்சியைச் சாராயத்தில் ஊறவைத்த சாறு 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருந்துக் கடைகளில் சின்னப் புட்டிகளில் விற்றது. ‘ஜேக்’ என்பது அதன் செல்லப்பெயர். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆல்கஹால்.

1920இல் மதுவிலக்கு வந்ததும் ‘வயிற்றுவலிக்காரர்கள்’ பெருகினார்கள். அரசு விழித்துக்கொண்டது. குடிக்கவே முடியாதபடி இஞ்சிக் காரம் தூக்கலாக இருந்தால்தான் விற்கலாம் என்றது. சோதனை எளிது: சாற்றைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் மிஞ்சுவதை எடைபோடுவார்கள். எடை சரியாக இருந்தால் போதும். மிஞ்சியது என்னவென்று யாரும் கேட்கவில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் இஞ்சியைக் குறைத்துவிட்டு வெல்லப்பாகையும் விளக்கெண்ணெயையும் சேர்த்தார்கள்.

பாஸ்டனில் ஹாரி கிராஸ், மேக்ஸ் ரீஸ்மன் என்ற இருவர் இன்னும் தோதான சரக்கைத் தேடினார்கள். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, சூட்டில் ஆவியாவதுமில்லை: அரக்குப் பூச்சிலும் செல்லுலாய்டிலும் சேர்க்கும் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் அகப்பட்டது. இந்தக் குடும்பத்துச் சரக்கு புதிதல்ல. 1899இலேயே பிரான்சில் காசநோய்க்குத் தந்த பாஸ்போகிரியோசோட் என்ற மருந்து சிலரின் நரம்பைக் கெடுத்திருந்தது. அந்தப் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்க்க பாஸ்டன் வியாபாரிகளுக்கு என்ன அவசியம்?

1930 தொடக்கத்தில், ஓக்லஹோமாவில் பாதம் தொங்கிப்போன ஆண்கள் மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். அது கலந்த ஜேக்கைக் குடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே கால் விழும் என்பதால், காரணம் உடனே பிடிபடவில்லை. அரசின் மருந்தியலாளர் மாரிஸ் ஸ்மித் ஆராய்ந்து கண்டுபிடிப்பதற்குள் பல்லாயிரம் பேர் முடமாகியிருந்தார்கள். 50,000 வரை என்றும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் ஏழைகள். அவர்களின் தடுமாறும் நடை ப்ளூஸ் பாட்டாகி இசைத்தட்டில் ஏறியது. கிராஸுக்கும் ரீஸ்மனுக்கும் முதலில் விதித்தது ஆளுக்கு 1,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான்.

அடுத்த ஆண்டுகளில் இதே பாஸ்பேட் ஐரோப்பாவில் தலைகாட்டியது. கருவைக் கலைக்கப் பெண்கள் ரகசியமாக வாங்கிய பார்ஸ்லி மாத்திரையில் யாரோ அதைச் சேர்த்திருந்தார்கள். வாங்கியதே கமுக்கமாக, போய்ப் புகார் சொல்வது எங்கே?

1959இல் மொராக்கோ. அமெரிக்க விமானத் தளத்தில் கழித்துக் கட்டிய, அதே பாஸ்பேட் அடங்கிய ஜெட் எஞ்சின் எண்ணெயை வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்தார்கள். மெக்னெஸ் பகுதியில் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

1977–78இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள். 20 தமிழ்ச் சிறுமிகளுக்குக் கைகால் தளர்ந்தது. எல்லோரும் புதிதாகப் பூப்பெய்தியவர்கள். மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் துப்புத் துலக்கியபோது, சடங்குப் பத்தியத்தில் கொடுத்த நல்லெண்ணெயில் அதே பாஸ்பேட் இருந்தது. இம்முறை கலப்படக்காரர் என்று எவரும் இல்லை. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெய் வந்ததே காரணமாகத் தெரிந்தது.