கால்சட்டைப் பையில் ஒரு நாடா

வீட்டில் பாடிப் பதிவு செய்த பாட்டை இசைத்தட்டாக்க அனுப்பு முன், குரல், வாத்தியம் எல்லாவற்றையும் கலந்து இரண்டு தடங்களுக்குள் அடக்க வேண்டும். அந்தக் கலவையைச் செப்பனிட்டுத் தட்டில் ஏறத் தக்கதாக்குவதைத்தான் மாஸ்டரிங் என்கிறார்கள். கலவையிலேயே கோளாறு புகுந்துவிட்டால் மாஸ்டரிங் நிபுணர், பாவம், என்ன செய்வார்? சாம்பாரில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?

இதற்கு அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தட்டின் சரித்திரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், வாடகை வீட்டின் படுக்கை அறையில் உட்கார்ந்து கிதாரை மீட்டிப் பாடினார் அவர். இரண்டு மைக்குகள், நான்கு தடங்கள் கொண்ட ஒரு சின்னக் காஸெட் கருவி, அவ்வளவுதான். அந்தக் கருவியில் நாடா இரு மடங்கு வேகத்தில் ஓடும். சாதாரணப் பெட்டியில் போட்டுக் கேட்க முடியாது. ஆகவே நான்கு தடங்களையும், எதிரொலி தரும் கருவி ஒன்றின் வழியாக, பழைய பானஸோனிக் பெட்டியொன்றில் கலந்து பதிந்தார். அந்தப் பெட்டியோ முன்பு தண்ணீரில் விழுந்து செத்துப் பிழைத்தது! அவரைக் குறை சொல்வதற்கில்லை. தம் வாத்தியக் கோஷ்டிக்குப் பாட்டுகளைக் காட்டுவதற்கான மாதிரிதானே அது? உறைகூட இல்லாமல் நாடாவைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

நியூயார்க் ஸ்டூடியோவில் கோஷ்டி வாசித்துப் பார்த்தது. சில பாட்டுகள் பிரமாதமாக அமைந்தன. அவை 1984-ல் வேறொரு தட்டில் வந்தன. ஆனால் கொலைகாரனும் வேலை இழந்த தொழிலாளியும் தன்னந்தனியே பேசும் பாட்டுகள், வாத்திய முழக்கத்தில் உயிரை விட்டுவிட்டன. கடைசியில் பையிலிருந்த நாடாவையே வெளியிடுவதென்று முடிவாயிற்று.

அப்போது பிடித்தது சனியன். நாடாவின் இரைச்சலும் எதிரொலியும் குரலோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அது போதாதென்று, இடது, வலது தடங்களின் அலைகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒத்திருந்தால் ஊசி பக்கவாட்டில் அசையும். முரண்பட்டால் மேலும் கீழும் எழும்பி, பள்ளத்தை விட்டே துள்ளிவிடும். பெயர் பெற்ற நிபுணர்கள் வெட்டிப் பார்த்தும் தட்டு உருப்படவில்லை. காஸெட்டாக மட்டும் வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

முடிவில், அட்லாண்டிக் ஸ்டூடியோவின் டென்னிஸ் கிங், ஒலியளவை வெகுவாகத் தணித்து வெட்டி வழி கண்டார். நிபுணர்கள் சாதாரணமாகச் சத்தத்தைக் கூட்டத்தானே ஆசைப்படுவார்கள்! செப்டம்பர் 30-ம் தேதி தட்டு வெளியாயிற்று. அதைக் கேட்பதற்கு நான் வழக்கத்தைவிடக் குமிழை அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பினால் கிதாருக்குப் பின்னால் நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கிறது.