ஃபட்ஜ்

ஃபட்ஜ் என்பது சர்க்கரை, பால் அல்லது பாலேடு, வெண்ணெய் ஆகியவற்றைப் பாகாகக் காய்ச்சி, ஆறவைத்து, கடைந்து, துண்டு போடும் மெத்தென்ற இனிப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அமெரிக்காவில் பரவியது. பெரும்பாலும் சாக்லேட் சேர்த்துச் செய்வார்கள். வனிலா, வேர்க்கடலை வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை வகைகளும் உண்டு. இதற்கு ஓவன் வேண்டாம், அச்சு வேண்டாம். அடிகனமான ஒரு பாத்திரமும் ஒரு மரக்கரண்டியும் போதும். ஆனாலும், சுலபம் என்று பெயர் வாங்கிய இனிப்புகளில் இவ்வளவு பேரை ஏமாற்றியது வேறு இருக்காது. காய்ச்சுவதில் தவறுகிறவர்கள் குறைவு. காய்ச்சி இறக்கிய பிறகு சும்மா இருக்க முடியாமல் கெடுத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

கல்லூரி விடுதியிலிருந்து கடைத்தெருவுக்கு

ஃபட்ஜின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சான்று ஒரு கடிதம். நியூயார்க் மாநிலத்தின் வாஸர் மகளிர் கல்லூரியில் படித்த எமலின் பேட்டர்ஸ்பி ஹார்ட்ரிட்ஜ் எழுதியது. 1886இல் தன் தோழி ஒருத்தியின் உறவினர் பால்டிமோர் நகரில் ஃபட்ஜ் செய்ததையும், அது பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றதையும் அதில் குறிப்பிடுகிறார். அந்தச் செய்முறையைக் கேட்டு வாங்கி, 1888இல் கல்லூரியில் மூத்த மாணவியர் நடத்திய ஏலத்துக்கு 30 பவுண்டு செய்து கொடுத்தாராம். கிட்டத்தட்டப் பதின்மூன்றரைக் கிலோ. ஒரே விற்பனைக்கு ஒரு மாணவி இவ்வளவு கிளறத் துணிந்தார் என்றால், வாங்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் வந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஸ்மித், வெல்லஸ்லி ஆகிய மகளிர் கல்லூரிகளுக்கும் பழக்கம் தொற்றியது. விடுதி அறையில் சிறிய விளக்கடுப்பை வைத்துக்கொண்டு மாணவியர் கிளறினார்கள். வால்டர் பேக்கர் சாக்லேட் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட சமையல் கையேடுகளில் மூன்று கல்லூரிகளின் பெயரிலும் தனித்தனிச் செய்முறைகள் இடம்பெற்றன. வாஸர் முறையில் வெள்ளைச் சர்க்கரை, பாலேடு, சாக்லேட், வெண்ணெய் மட்டும்தான். ஸ்மித் முறையில் பழுப்புச் சர்க்கரையும் கரும்புப் பாகும் கூடுதல். வெல்லஸ்லி முறையில் இறக்கும் தறுவாயில் மார்ஷ்மெல்லோ மிட்டாய்களைப் போட்டு மசித்தார்கள். பிற்காலத்தில் பிரபலமான மார்ஷ்மெல்லோ ஃபட்ஜுக்கு இது முன்னோடி.

கடை இனிப்பாக ஃபட்ஜை நிலைநிறுத்திய ஊர் மிச்சிகன் மாநிலத்தின் மேக்கினா தீவு. ஹூரான் ஏரியில் உள்ள இந்தத் தீவில் 1898 முதல் மோட்டார் வாகனங்களுக்குத் தடை. இன்றும் குதிரை வண்டியும் மிதிவண்டியும்தான். அங்கே மர்டிக் குடும்பத்தின் மிட்டாய்க்கடை 1887இல் தொடங்கியது. கொதிக்கக் கொதிக்கப் பாகை மேசையகலப் பளிங்குப் பலகையில் ஊற்றி, நீண்ட கரண்டித் தகடுகளால் புரட்டிப் புரட்டி உருட்டுகிற வேலையைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி செய்வது அங்கத்திய வழக்கம். பளிங்கு சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் பாகு சீராக ஆறும். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் வாங்கியும் போவார்கள். இரண்டில் எது முதல் நோக்கம் என்று சொல்வது கடினம். அந்தத் தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை உள்ளூர்க்காரர்கள் ‘ஃபட்ஜீஸ்’ என்றே கேலியாக அழைக்கிறார்கள்.

பாகும் படிகமும்

நல்ல ஃபட்ஜ், பல்லில் ஒட்டாது, நறநறக்கவும் செய்யாது. வாயில் வைத்தால் வழுவழுவென்று கரையும். ஆனால் அது படிகமே இல்லாத பண்டமல்ல. உள்ளே எங்கும் சர்க்கரைப் படிகங்கள்தான். படிகங்கள் நாக்குக்குத் தட்டுப்படாத அளவு நுண்ணியவை, அவ்வளவுதான். அவற்றுக்கிடையே கெட்டிப்பாகும் பால்கொழுப்பும் நிரம்பியிருக்கும். படிகம் பெரிதானால் மணல். படிகமே வராவிட்டால் இழுவை மிட்டாய்.

அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும். தண்ணீர் கொதிக்கும் சூட்டிலோ 480 கிராமுக்கும் மேல் கரையும். ஆகவே சூட்டில் கரைந்த பாகை ஆறவிட்டால், கரைந்திருக்க நியாயமில்லாத சர்க்கரை உள்ளே தங்கியிருக்கிறது. ஒரு சாக்குக் கிடைத்தால் படிகமாக வெளிவரக் காத்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துணுக்கு போதும், கரண்டியின் ஒரு சுழற்சி போதும். சூடாக இருக்கும்போது கிளறினால், தோன்றுகிற சில படிகங்கள் தங்கு தடையின்றி வளர்ந்து பெருத்துவிடும். ஆறிக் கெட்டியான பிறகு கடைந்தால், ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் பிறந்து, எதற்கும் வளர இடமில்லாமல் போகும். ஃபட்ஜின் சூட்சுமம் முழுவதும் இதில் அடக்கம்.

தேங்காய் பர்ஃபி கிளறுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். ஓரம் நுரைத்து வெள்ளையாகப் பூத்ததும் இறக்கு என்பார்கள். அந்த வெள்ளை, சூட்டிலேயே சர்க்கரை படிகமாகத் தொடங்கிவிட்டதன் அடையாளம். பர்ஃபிக்கு அந்தச் சொரசொரப்பு அழகு. ஃபட்ஜுக்கு அது குறை.

பாகின் பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்: விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும், வெளியே எடுத்ததும் தளர்ந்து தட்டையாக வேண்டும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு வைக்கிறவர்கள் தேடுகிற உருட்டுப் பதம் இதுதான். கடலை மிட்டாய்க்கு வேண்டிய, தட்டினால் ‘டக்’கென்று உடைகிற பதத்துக்கு விட்டால் காரியம் கெட்டது. இந்தக் கணக்கு கடல்மட்டத்துக்கு உரியது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே பாகை 107, 108 டிகிரியில் இறக்க வேண்டும். புத்தகத்தில் போட்ட எண்ணை நம்பி மலையூரில் காய்ச்சினால் கிடைப்பது கட்டி மிட்டாய். தண்ணீர்ச் சொட்டுச் சோதனைக்கோ எந்த ஊரும் ஒன்றுதான்.

பழைய முறையில் செய்வது

400 கிராம் சர்க்கரை, ஒரு கோப்பைப் பாலேடு, இனிப்பில்லாத சாக்லேட் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை அடிகனமான பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். இனிப்பில்லாத சாக்லேட் நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படாது. 6 மேஜைக்கரண்டி கோகோ பவுடரும் 2 மேஜைக்கரண்டி வெண்ணெயும் அதற்கு ஈடு. பாகு பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருப்பது நல்லது.

சிறு தீயில் சர்க்கரை துளியும் மிச்சமில்லாமல் கரையும்வரை கிளறுவது முதல் வேலை. கொதி வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் மூடி வைத்தால், ஆவி இறங்கி ஓரத்துச் சர்க்கரையைக் கழுவிவிடும். நனைத்த பிரஷ்ஷால் ஓரத்தைத் துடைத்துவிட்டாலும் சரி. பிறகு திறந்து, அடிபிடிக்காத அளவுக்கு மட்டும் கரண்டியை ஓட்டிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கரண்டி லிக்விட் குளுக்கோஸ் அல்லது சில சொட்டு எலுமிச்சைச் சாறு முதலிலேயே சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டும் படிகம் பெருக்காமல் தடுக்கும். சாறு சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரித்துவிடுகிறது. அளவு மீறினால் இறுகவே இறுகாது.

பதம் வந்ததும் இறக்கி, மேலே ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெயும் சிறிது வனிலா எசன்ஸும் விட்டு, கிளறாமல் அப்படியே வைக்க வேண்டும். பாத்திரத்தை ஆட்டக்கூடாது, கரண்டியால் தொட்டுப் பார்க்கக்கூடாது. அடிப்பக்கத்தைத் தொட்டால் கை பொறுக்கிற வெதுவெதுப்பு, அதாவது 45 டிகிரி அளவு, வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் பொறுமை இழந்து கரண்டி போட்டவர்கள்தான் மணல் ஃபட்ஜ் சாப்பிடுகிறவர்கள்.

அதன்பின் கடைதல். தொடக்கத்தில் பாகு கரும்பளபளப்போடு கரண்டியிலிருந்து நாடாவாக வழியும். கை ஓயாமல் ஐந்து நிமிடம், சிலசமயம் பத்துப் பதினைந்து நிமிடம் கடைந்த பிறகு, கரண்டி போன தடம் உடனே மறையாமல் நிற்கும். நிறம் ஒரு படி வெளுக்கும். கரண்டி கனக்கும். மேலே இருந்த பளபளப்பு சட்டென்று மங்கும். தட்டில் கொட்ட வேண்டிய தருணம் அதுவே. முந்திரியோ அக்ரூட்டோ சேர்ப்பதானால் அதற்குச் சற்று முன்னதாகச் சேர்த்துவிட வேண்டும். மங்கிய பிறகு கொட்டை தேடப் போனால் திரும்பி வருவதற்குள் ஃபட்ஜ் பாத்திரத்திலேயே இறுகியிருக்கும். அப்படி இறுகினாலும் மோசமில்லை, வெண்ணெய் தடவிய கையால் பிசைந்து உருட்டித் தட்டிக்கொள்ளலாம். மேற்சொன்ன அளவுக்கு வெண்ணெய் தடவிய 6 அங்குலச் சதுரத் தட்டு சரியாக இருக்கும்.

நறநறத்துப் போனதையும் இறுகாமல் போனதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. நறநறத்ததில் அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, முதலிலிருந்து காய்ச்சலாம். இறுகாததையும் சிறிது பால் விட்டு மறுபடி பதத்துக்குக் கொண்டுவரலாம். சாக்லேட் மணம் கொஞ்சம் குறையும்.

குறுக்கு வழிகள்

படிகத்தோடு போராட விரும்பாதவர்களுக்காக 20ஆம் நூற்றாண்டில் வந்தவை மார்ஷ்மெல்லோ கிரீம் சேர்த்த வகைகள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் மனைவி மேமி ஐசன்ஹோவர் பெயரால் 1950களில் பரவிய ஃபட்ஜ் இவற்றில் புகழ்பெற்றது: சர்க்கரையையும் ஆவியாக்கிய டின் பாலையும் கொதிக்கவைத்து, சாக்லேட், மார்ஷ்மெல்லோ கிரீம், கொட்டைகள்மேல் ஊற்றிக் கலக்குவது.

இன்று வீடுகளில் அதிகம் செய்யப்படுவது கண்டென்ஸ்டு மில்க் ஃபட்ஜ். 400 கிராம் டின் ஒன்றுக்கு ஏறக்குறைய அதே எடை டார்க் சாக்லேட்டைச் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, தட்டில் ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்தால் முடிந்தது. கறாராகச் சொன்னால் இது ஃபட்ஜ் அல்ல. இங்கே இறுகுவது சர்க்கரை அல்ல, சாக்லேட்டின் கொழுப்பு. கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகுவதால், சித்திரை வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ மேசைமேல் வைத்தால் தளர்ந்துவிடும். படிகத்தில் நிற்கும் பழைய ஃபட்ஜுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்வதற்குக் கண்டென்ஸ்டு மில்க் முறைதான் ஏற்றது. 115 டிகிரிப் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும்.

ஓவனுக்குப் போகாத அமெரிக்க ஓட்ஸ் குக்கி இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை. சர்க்கரை, கோகோ, பால், வெண்ணெய் நான்கையும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, வேர்க்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் கலந்து கரண்டி கரண்டியாகத் தாளில் வைப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் குறைந்தால் இறுகாது. கூடினால் பொடிப்பொடியாக உதிரும். பாகு விதி அதையும் விடவில்லை.

பிரேசிலின் பிரிகடேரோ, கண்டென்ஸ்டு மில்க்கையும் கோகோவையும் வெண்ணெயோடு சுருளக் கிளறி, உருண்டை பிடித்து, சாக்லேட் துருவலில் புரட்டுவது. 1945 அதிபர் தேர்தலில் நின்ற பிரிகேடியர் எடுவார்டு கோமஸின் பதவிப் பெயரைத் தாங்கியது. அவர் தோற்றார், உருண்டை நிலைத்தது. மலேசியாவின் பாத்திக் கேக்கில் உடைத்த மாரி பிஸ்கட்டோடு மைலோவும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேரும்.

ஒத்த இனிப்புகள்

ஸ்காட்லாந்தின் டேப்லெட், ஃபட்ஜைவிடக் கெட்டியானது. படிகம் வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக விடப்படும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரிசெல் பெய்லி சீமாட்டியின் வீட்டுக் கணக்கேட்டிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

அதற்கு மிக நெருங்கிய உருவம் இலங்கையில் உண்டு. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோல் செய்யும் மில்க் டொபி அது. யாழ்ப்பாணத்தார் ரின்பால் என்று சொல்லும் கண்டென்ஸ்டு மில்க்கைச் சர்க்கரை, சிறிது தண்ணீரோடு காய்ச்சி, வெண்ணெயும் முந்திரியும் ஏலமோ வனிலாவோ சேர்த்து, கலவை பாத்திரத்தை விட்டுத் திரளும்வரை விடாமல் கிளறுவார்கள். சூட்டோடு தட்டில் கொட்டி, மேலே எண்ணெய்த்தாள் போட்டுப் போத்தலை உருட்டிச் சமப்படுத்தி, இறுகுமுன் கீறிவிடுவார்கள். ஆறும்வரை காத்திருப்பது இங்கே இல்லை. சூட்டிலேயே கிளறுவதால் படிகம் சற்றுப் பெருக்கும். கடித்தால் நொறுங்கி, பிறகு கரையும். மில்க் டொபி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க ஃபட்ஜ் பச்சையாக, வேகாததுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஃபட்ஜைத் துண்டு போட்ட அன்றே சாப்பிடுவதைவிட, மெழுகுத்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் இன்னும் இளகி, மணமும் கூடும். அப்படியே இரண்டு வாரம் தாங்கும். ஃப்ரிஜ்ஜில் திறந்து வைத்தால் காய்ந்துபோகும். மழைக்காலத்தில் வெளியே திறந்து வைத்தால் ஈரம் கோத்து மேலே பிசுபிசுக்கும்.