படிக்கட்டு அச்சும் பழைய டெலிடைப்பும்

உங்கள் வீட்டில் பழைய வங்கி ஆள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கோர் பேங்கிங் வருவதற்கு முன் பல கிளைகளில் ஒரு யுனிக்ஸ் பெட்டி, நாலைந்து டெர்மினல், மூலையில் கடகடவென்று சத்தம் போடும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இவ்வளவுதான். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகள் யுனிக்ஸ் கற்றதே அந்தப் பிரிண்டர் படுத்திய பாட்டில்தான்!

சாயங்காலம் டே புக் அடிக்கச் சொன்னால், முதல் வரி ஒழுங்காக வரும். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே ஆரம்பிக்கும். மாடிப்படி மாதிரி இறங்கிப் போய், மீதி எல்லாம் காகித ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கேபிளை மாற்று, அணைத்துப் போடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். கோளாறு கேபிளில் இல்லை சார். அது 1960-களில் ஆரம்பித்த கதை.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். வரி முடிந்தால் அதற்கு இரண்டு கட்டளை தேவை. அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவர 'கேரேஜ் ரிட்டர்ன்', காகிதத்தை ஒரு வரி நகர்த்த 'லைன் ஃபீட்'. மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், கோப்பில் லைன் ஃபீட் மட்டும் போதும், மற்றதை டிரைவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது. அதில் வேலை பார்த்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் லேப்ஸில் யுனிக்ஸை எழுதியபோது அதே வழியில் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், 1971-ல் யுனிக்ஸின் முதல் பயனாளிகளில் ஒன்று அங்கிருந்த காப்புரிமைத் துறை. விண்ணப்பங்களைத் தயாரித்து அச்சடிக்கத்தான்!

டாஸ் இரண்டு குறியையும் கோப்பிலேயே வைத்தது. ஆகவே டாஸ் கணினியில் சமர்த்தாக அடித்த பிரிண்டரைக் கழற்றி யுனிக்ஸில் மாட்டினால் படிக்கட்டு. மருந்து ஒரு வரிதான்: 'எஸ்டிடிஒய்' கட்டளையில் 'ஓஎன்எல்சிஆர்'. ஆனால் போர்ட்டை மூடியதும் அந்த அமைப்பு மறந்துபோகும். பிரிண்டரின் இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்டிலேயே அதை எழுதிவைத்தால்தான் நிற்கும்.

ஒரு காகிதத்துக்கா இத்தனை பாடு என்கிறீர்களா? மறுநாள் காலை கணினி எழவில்லை என்றால், கஸ்டமரின் பாக்கி எவ்வளவு என்று சொல்ல அந்தக் காகிதம்தான் இருக்கும். 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், 1891-ம் வருட வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, கணினியில் எடுத்த அச்சுப் பிரதியையும் வங்கிப் புத்தகமாக ஏற்றது. பற்று எது, வரவு எது என்று தெரியாத தாளை எந்தக் கோர்ட்டில் காட்டுவது? டே புக் சரியாக வரும்வரை கிளையைப் பூட்ட முடியாது. அப்பா ஏன் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார் என்று இப்போது புரிகிறதா?

இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. யுனிக்ஸ் கோப்பின் வரிகளைச் சரியாகப் பிரித்துக் காட்ட விண்டோஸின் நோட்பேட் 2018-ல்தான் கற்றுக்கொண்டது.