சாசுவதக் கடன்பத்திரமும் பங்குகளும்: மதிப்பீட்டு வரலாறு

அசலைத் திருப்பித் தருவதற்குத் தவணை எதுவும் குறிக்காமல், வட்டியை மட்டும் என்றென்றும் செலுத்துவதாக உறுதி கூறும் பத்திரம் சாசுவதக் கடன்பத்திரம் எனப்படும். ஹாலந்து தேசத்தில் லெக் நதியின் கரையைக் காத்து வந்த சபை 1648-இல் 1,000 கில்டருக்கு ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த இத்தகைய பத்திரமொன்றை இப்போது வைத்திருக்கும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார், 2015-இல் பன்னிரண்டு ஆண்டு வட்டிப் பாக்கியாக 136 யூரோ சொச்சம் பெற்றுக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் பிரதம மந்திரி ஹென்றி பெல்ஹாம் 1751-இல் பலவகை அரசாங்கக் கடன்களை ஒன்றாகத் திரட்டியதன் பயனாகப் பிறந்த 'கன்சால்' பத்திரமே இவ்வகையில் பிரசித்தமானது. ஆண்டு வட்டியைச் சந்தையில் நிலவும் வட்டி விகிதத்தால் வகுத்தால் அதன் விலை கிடைத்துவிடும், 2.5 பவுன் தரும் பத்திரம், விகிதம் 2.5 சதவீதமாயின் 100 பவுன், 5 சதவீதமாயின் 50 பவுன். 1970-களின் பணவீக்கத்தில் அது 20 பவுனுக்கும் கீழே சரிந்தது. இறங்குவதற்கு இவ்வளவு இடம் இருந்தும் ஏறுவதற்கு அவ்வளவு இல்லை. ஏனெனில் முகமதிப்பைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிடும் உரிமையை அரசாங்கம் தன் கையில் வைத்திருந்தது. அந்த உரிமையைக் காட்டியே 1888-இல் நிதி மந்திரி கோஷன் வட்டியை 3-லிருந்து 2.75 சதவீதமாகக் குறைத்தார். 1903-இல் அது 2.5 ஆயிற்று, 2015-இல் கடன் முழுவதும் தீர்க்கப்பட்டது. சாசுவதம் என்பது கடன் கொடுத்தவரை மட்டுமே கட்டியது போலும்!

1840-களில் பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனிகள் பணமுடையால் ஏராளமாக வெளியிட்ட முன்னுரிமைப் பங்கு ஆண்டுதோறும் நிர்ணயித்த லாபப்பங்கையே தருவதாகையால், அதற்கும் இதே வகுத்தல் கணக்குத்தான். ஆயினும் நஷ்ட வருஷத்தில் நிர்வாகிகள் லாபப்பங்கை நிறுத்திவைக்கலாமாகையால், அந்த அபாயத்துக்கு ஈடாக முதலீட்டாளர் அதிக விகிதம் கேட்பர். விலையும் அதற்கேற்பக் குறையும்.

சாதாரணப் பங்கில்தான் கணக்கு அநுமானமாக மாறுகிறது. இனி வரப்போகும் லாபப்பங்குகள் அனைத்தின் இன்றைய மதிப்பே பங்கின் மதிப்பு என்று ஜான் பர் வில்லியம்ஸ் 1938-இல் விரிவாக நிறுவினார். கார்டனும் ஷாப்பிரோவும் 1956-இல் லாபப்பங்கு ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் வளருமெனக் கொண்டு, வகுக்கும் விகிதத்திலிருந்து வளர்ச்சி விகிதத்தைக் கழித்தார்கள். வருகிற ஆண்டு 5 ரூபாய் தரும் பங்குக்கு 10 சதவீதம் எதிர்பார்க்கும்போது, வளர்ச்சி 5 சதவீதமானால் விலை 100 ரூபாய். 6 ஆனால் 125. 8 ஆனால் 250. வேண்டிய விலையை முதலில் நிச்சயித்துக்கொண்டு அதற்கிசைந்த வளர்ச்சியைத் தேடிப் பிடிப்போருக்கு இது மிகவும் வசதியான சூத்திரம். வளர்ச்சியும் எதிர்பார்க்கும் விகிதமும் சமமாகிவிட்டால் மதிப்பு முடிவிலியாகிறது. இந்த விபரீதத்தை, கணக்கின்படி எல்லையற்ற தொகை பெறுமாயினும் எவரும் பெரும்பணம் கட்ட முன்வராத பீட்டர்ஸ்பர்க் சூதாட்டப் புதிரோடு ஒப்பிட்டு, டேவிட் டூராண்ட் 1957-இல் ஆராய்ந்தார்.